ஒப்புக்கு ஓர் ‘ஓ’

ஜி.டி.ஓ. என்ற மூன்றெழுத்தை ஒரே காலத்தில் இரண்டு கார்கள் சுமந்தன. ஒன்று, இத்தாலியின் மாரனெல்லோவில் 1962 முதல் 1964 வரை ஃபெராரி கட்டிய 250 ஜி.டி.ஓ. நான்கு லிட்டர் எஞ்சின் பொருத்திய மூன்றைத் தள்ளிவிட்டு எண்ணினால் மொத்தம் 36. மற்றொன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பொன்டியாக் 1964 மாடலாக இறக்கிய ஜி.டி.ஓ. அது 1974 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. 36இல் ஒன்று 2018இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. ஐந்து லட்சத்தில் ஒன்றை அன்றைய அமெரிக்க இளைஞன் மாதத் தவணையில் வாங்கினான்.

இத்தனைக்கும் அந்த மூன்றாம் எழுத்து எண்ணிக்கையைச் சார்ந்து பிறந்தது. ‘கிரான் துரீஸ்மோ ஓமொலோகாதோ’ என்பது முழுப் பெயர். மசில் கார்கள் எனப்படும் பழைய அமெரிக்க வேகக் கார்களின் சந்தையில் ‘எத்தனையில் ஒன்று?’ என்ற கேள்விதான் விலையைத் தூக்குகிறது. அந்தக் கேள்வியோடு பொன்டியாக் ஜி.டி.ஓ.வை நெருங்குகிறவர் காரைப் பார்ப்பதற்கு முன் பெயரைப் பார்க்க வேண்டும். கணக்குத் தகராறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதல் இரண்டு சொற்களில் சிக்கல் இல்லை. கிரேக்கத்தில் ‘தோர்னோஸ்’ என்பது வட்டம் வரையவும் மரம் கடையவும் பயன்பட்ட கருவி. லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குப் போய் அது ‘தூர்’ ஆனது. சுற்று என்று பொருள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயச் சீமான் வீட்டுப் பிள்ளைகள் படிப்பை முடித்த கையோடு பிரான்சையும் இத்தாலியையும் சுற்றிவந்த நெடும்பயணத்துக்குக் ‘கிராண்ட் டூர்’ என்று பெயர் விழுந்தது. பயணிகள் வந்து இறங்கிய இத்தாலி, பின்னாளில் அந்தப் பெயரைத் தன் கார்களுக்குச் சூட்டிக்கொண்டது. 1930 வாக்கில் ஆல்ஃபா ரோமியோ தன் 6சி 1750 வரிசையில் ஒன்றைக் கிரான் துரீஸ்மோ என்றது. 1951இல் வந்த லான்சியா ஔரேலியா பி20இன் பெயரில் ஜி.டி. என்ற சுருக்கம் நின்றது. இரண்டு பேர், அவர்களுடைய பெட்டி, நாள் முழுக்க ஓட்டினாலும் களைக்காத வேகம்: ஜி.டி. என்றால் அப்படிப்பட்ட கார் என்று ஐரோப்பாவில் நிலைத்துவிட்டது.

மூன்றாம் சொல்லின் கதை நீளமானது. ‘ஹோமோஸ்’ என்றால் கிரேக்கத்தில் ஒன்றேபோன்றது. அதுவும் வடமொழிச் ‘சம’வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் பிறந்தவை. ‘லோகோஸ்’ என்பதற்குப் பேச்சு, காரணம், கணக்கு என்று பல பொருள். அதன் வினையான ‘லெகெய்ன்’ பொறுக்குவதையும் சேர்ப்பதையும் எண்ணுவதையும் சொல்வதையும் குறித்தது. எண்ணிக்கைக்கும் எண்ணத்துக்கும் ‘எண்’ என்ற ஒரே வேரை வைத்திருக்கும் நமக்கு இந்தக் கலவை புதிதல்ல. இரண்டும் சேர்ந்த ‘ஹோமோலோகெய்ன்’ என்பது ஒரே பேச்சைப் பேசுதல், அதாவது ஒத்துக்கொள்ளுதல்.

தமிழில் இதற்கு இணை தேடி அலைய வேண்டாம். ‘ஒப்பு’ இருக்கிறது. ஒப்பு என்றால் ஒன்றேபோலிருத்தல். ஒப்புதல் என்றால் சம்மதம். ஒப்பிடுதல் என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தல். நான்காவதாகப் பேச்சு வழக்கில் ‘ஒப்புக்கு’ என்று ஒன்று உண்டு: பெயரளவில், உள்ளே சரக்கில்லாமல் செய்வது. ஜி.டி.ஓ.வின் ‘ஓ’ இந்த நான்கு படிகளிலும் ஏறி இறங்கியிருக்கிறது.

கிரேக்கத்திலிருந்து புறப்பட்ட சொல் முதலில் போய்ச் சேர்ந்தது சட்டத்தில். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ‘ஹோமொலொகேஷன்’ என்ற நுட்பமான கருத்து 1995 வரை இருந்தது. ஒரு பத்திரம் முறைப்படி எழுதப்படாமல் குறையோடு இருக்கிறது. ஆனால் அதற்குக் கட்டுப்பட்டவர் அதை ஏற்றுக்கொண்டவராகவே பிறகு நடந்துகொள்கிறார். அந்த நடத்தையே குறையை ஆற்றிப் பத்திரத்தைச் செல்லத்தக்கதாக்கும். இத்தாலியில் ‘ஓமொலோகாரே’ என்ற வினை நீதிமன்றம் ஓர் உடன்படிக்கையை உறுதிசெய்வதையும், ஒரு வாகன மாதிரிக்கு அரசு அனுமதி தருவதையும் குறித்தது. சட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கும் தொழிற்சாலையிலிருந்து பந்தயத் திடலுக்கும் சொல் நகர்ந்தது.

பந்தயத்தில் அதன் பொருள் கறாரானது. ஜி.டி. பிரிவு கடையில் விற்கும் கார்களுக்கானது. பந்தயத்துக்கென்றே நாலைந்து கார்களைச் செய்து கொண்டுவந்து நிறுத்திவிட்டு ‘இதுவும் கடைச் சரக்குதான்’ என்று சாதித்தால் பிரிவே கெட்டுப்போகும். அதனால் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. ஓர் எண்ணை வைத்தது: பன்னிரண்டு மாதத்தில் 100 கார்களாவது கட்டியிருக்க வேண்டும். கட்டியதற்குச் சான்று காட்டினால் அந்த மாதிரி ஓமொலோகாதோ. ஒன்றேபோல் நூறு இருக்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட கார். ஒப்பு, ஒப்புதல், எண்ணிக்கை மூன்றும் இங்கே ஒரே சொல்லில் குடியிருந்தன.

ஃபெராரி நூறு கட்டவில்லை. கட்டும் எண்ணமும் இல்லை. ஏற்கெனவே ஒப்புதல் பெற்றிருந்த குறுகிய சக்கர இடைவெளிக் காரான 250 ஜி.டி.யின் திருத்திய வடிவம் என்று புதியதைக் காட்டி அனுமதி வாங்கியது. பெயரிலுள்ள 250 ஒரு சிலிண்டரின் கொள்ளளவு. பன்னிரண்டு சிலிண்டருக்கு மூன்று லிட்டர். எஞ்சின் குடும்பம் பழையது, உடலும் பலவும் புதியது. இந்தச் சாமர்த்தியம் ஒவ்வொரு முறையும் பலிக்கவில்லை. அடுத்து வந்த 250 எல்.எம்.மில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் போய்விட்டது. அதையும் 250 ஜி.டி.யின் உடன்பிறப்பு என்று ஃபெராரி சொன்னபோது எஃப்.ஐ.ஏ. மறுத்துவிட்டது. 32 மட்டுமே கட்டிய அந்தக் கார், ஜி.டி. பிரிவுக்கு வெளியே நின்று ஓடி 1965இல் லெமான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. ஆக, மூலப் பெயரிலேயே ‘ஓ’ கொஞ்சம் வளைந்துதான் கிடந்தது. ஆனாலும் கையில் ஒப்புதல் சீட்டு இருந்தது.

இப்போது மிச்சிகன். கடன் பெயர் பொன்டியாக்குக்குப் புதிதல்ல. நிறுவனத்தின் பெயரே, 1763இல் ஆங்கிலேயருக்கு எதிராகப் போர் தொடுத்த ஒடாவா பழங்குடித் தலைவரின் பெயர். அவர் நினைவாக ஊருக்கு, ஊரிலிருந்து காருக்கு. அதன் மாடல்களில் ஒன்று யூட்டாவின் உப்புவெளியான பான்வில், இன்னொன்று கிராண்ட் பிரீ, மற்றொன்று லெமான். 1963 ஜனவரியில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகள் எதுவும் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று தடை போட்டது. வேகத்தை வைத்தே இளைஞர்களைப் பிடித்திருந்த பொன்டியாக்குக்கு அது பெரிய அடி. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்ற விதியும் இருந்தது.

அப்போது தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் விதியின் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். புது மாடல் என்றால் தலைமையகம் கேள்வி கேட்கும். இருக்கிற மாடலுக்கு ஒரு கூடுதல் ஆப்ஷன் என்றால் கேட்காது. டெம்பெஸ்ட் லெமான் என்ற நடுத்தரக் காருக்குச் சுமார் 300 டாலர் விலையில் ஓர் ஆப்ஷன். அதற்குள் பெரிய பொன்டியாக்கின் 389 கன அங்குல எஞ்சின். பெயர் வைத்தவர் டிலோரியன். ஐரோப்பாவில் புகழின் உச்சியிலிருந்த மூன்றெழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். டெம்பெஸ்ட் லெமான் ஜி.டி.ஓ. என்று மூன்றையும் சேர்த்து வாசித்தால், பந்தயத்தில் இறங்கத் தடைவிதிக்கப்பட்ட காரின் மேல் இரண்டு பந்தயப் பெயர்கள்.

பொன்டியாக் இந்தக் காருக்கு எஃப்.ஐ.ஏ.விடம் ஜி.டி. ஒப்புதல் வாங்கவில்லை. நூறு என்ன, ஆயிரக்கணக்கில் விற்ற கார்தான். எண்ணிக்கைக்குக் குறைவில்லை, சீட்டு மட்டும் இல்லை. ஃபெராரியிடம் எண்ணிக்கை இல்லை, சீட்டு இருந்தது. இரண்டையும் ஒருசேர வைத்திருந்த ஜி.டி.ஓ. அந்த ஆண்டுகளில் இல்லவே இல்லை. பொன்டியாக்கின் பக்கவாட்டில் ஒட்டிய சின்னம் இதற்கு ஒத்து ஊதியது. கன அங்குலத்தில் பேசும் நாட்டில் அது ‘6.5 லிட்டர்’ என்று ஐரோப்பிய அளவைச் சொன்னது. 389 கன அங்குலத்தை மாற்றிப் பார்த்தால் 6.4 லிட்டருக்குச் சற்றுக் கீழேதான் வரும். பெயரும் ஒப்புக்கு, அளவும் ஒப்புக்கு.

பெயரைத் திருடிவிட்டார்கள் என்று ஐரோப்பியக் கார் ரசிகர்கள் பொருமினார்கள். பொருமல் விளம்பரமானது. ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை 1964 மார்ச் இதழின் அட்டையில் இரண்டு ஜி.டி.ஓ.க்களையும் மோதவிட்டு ஓவியம் போட்டது. சோதனைக்கு ஃபெராரி கிடைக்கவே இல்லை. ஒப்பீடு எழுத்தில் மட்டும் நடந்தது. சோதனைக்குக் கொடுத்த பொன்டியாக்கில் 389க்குப் பதில் 421 கன அங்குல எஞ்சின் இருந்ததை விளம்பர நிறுவனத்துக்காரர் ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். விற்பனைப் பிரிவு முதலில் 5,000 காருக்குத்தான் தலையாட்டியிருந்தது. அந்த மாடல் ஆண்டு முடியும்போது 32,450 போயிருந்தன. 1965இல் 75,352. 1966இல் 96,946. அதே 1964இல் ரானி அண்ட் தி டேடோனாஸ் என்ற குழு ஜி.டி.ஓ.வின் பெயரிலேயே ஒரு பாட்டுப் போட்டு அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது.

தெருவில் பெயர் இன்னும் கீழே இறங்கியது. மூன்றெழுத்தைக் குலுக்கிப் போட்டு, நடுவே ஓர் ‘ஏ’ செருகி, ‘கோட்’, அதாவது ஆடு, என்று கூப்பிட்டார்கள். இத்தாலிய நீதிமன்றத்திலிருந்து வந்த சொல்லின் முதலெழுத்து அமெரிக்கப் பெட்ரோல் பங்கில் ஆட்டுக்குள் அடங்கியது. 1969இல் ஒரு சிறப்பு வகைக்கு ‘ஜட்ஜ்’ என்று பெயர் வைத்தபோது, தொலைக்காட்சியின் ‘லாஃப்-இன்’ நகைச்சுவை நிகழ்ச்சியில் அடிபட்ட நீதிபதி வசனம்தான் காரணம். சொல்லின் பழைய சட்டத் தொடர்பு தற்செயலாகத் திரும்பிவந்தது. விற்றவர்கள் அதை நினைத்திருக்க மாட்டார்கள்.

எண்ணிக்கை விதியை மெய்யாகவே மதித்த அமெரிக்கக் கார்களும் அந்தக் காலத்தில் உண்டு. அவற்றின் பெயரில் ‘ஓ’ கிடையாது. செவர்லே கமாரோவின் இசட்28 ஓர் ஆப்ஷன் பட்டியலின் வரிசை எண். இசட்27 ஏற்கெனவே இன்னொரு தொகுப்புக்குப் போயிருந்தது. டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் ஐந்து லிட்டர் வரம்புக்குள் அடங்க 302 கன அங்குல எஞ்சினைக் கலவையாகச் செய்தார்கள். 1967இல் 602 கார்கள். அவற்றின் மேல் இசட்28 என்று எங்கும் பொறிக்கவில்லை, கோடுகள் மட்டும். 1969இல் நாஸ்கார் பந்தயத்துக்கு 500 கார் தேவைப்பட்டபோது டாட்ஜ் தன் கூர்மூக்கு, உயர்வால் சார்ஜர் டேடோனாவை 503 கட்டியது. மறு ஆண்டு விதி இறுகி, டீலர் இருவருக்கு ஒரு கார் என்ற கணக்கு வந்ததால் பிளிமத் சூப்பர்பேர்ட் 1,900க்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. அதன் விசித்திர உருவத்தை வாங்க ஆளில்லாமல் பல டீலர்களிடம் தேங்கியது.

பொன்டியாக் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. 1969இல் ஃபயர்பேர்டின் ஒரு வகைக்கு டிரான்ஸ் ஆம் என்று பந்தயத் தொடரின் பெயரையே வைத்தது. இந்த முறை இரவல் இலவசமில்லை. தொடரை நடத்திய அமைப்புக்குக் காருக்கு 5 டாலர் கொடுத்தது. ஆனால் உள்ளே இருந்த 400 கன அங்குல எஞ்சின் அந்தத் தொடரின் வரம்பைத் தாண்டியது. முதல் ஆண்டு 697 கட்டினார்கள். மேல்மூடி மடங்கும் கன்வர்டிபிள் அவற்றில் 8.

அரிய கார் தேடுகிறவருக்கு இந்தப் பெயர் வரலாறு நேரடியாகப் பயன்படும். 1964, 1965 ஆண்டுகளில் ஜி.டி.ஓ. வெறும் ஆப்ஷன். ஆகவே வாகன அடையாள எண்ணில் அந்தப் பெயர் இல்லை. 1965 காரின் எண் 237 என்று தொடங்கும், அது லெமானுக்குரிய குறி. 1966இல் ஜி.டி.ஓ. தனி மாடலானதும் 242 என்ற சொந்தக் குறி கிடைத்தது. 1966 முதல் 1971 வரையான காரில் முதல் மூன்று இலக்கமே பாதிச் சந்தேகத்தைத் தீர்க்கும். 1965 காரிலோ சாதாரண லெமானுக்கு மூன்றெழுத்தை ஒட்டி, முன்மூடியை மாற்றி, 389ஐ இறக்கிவிட்டால் கண்ணால் பிடிக்க முடியாது. இப்படிச் செய்தவற்றைச் சந்தையில் ‘குளோன்’ என்பார்கள். விற்கிறவர் மரியாதையாக ‘டிரிபியூட்’ என்பார்.

இதைத் தீர்க்கக் காகிதம் வேண்டும். பொன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்பு 1960களின் தொழிற்சாலை விலைச்சீட்டுகளின் நகல்களைக் காத்துவருகிறது. அடையாள எண்ணைக் கொடுத்தால் அந்தக் கார் எந்தெந்த ஆப்ஷனோடு எந்த டீலருக்குப் போனது என்று தெரியும். ஃபோர்டுக்கு 1967 முதலான தரவுகளிலிருந்து மார்டி அறிக்கை கிடைக்கிறது. கிரைஸ்லர் கார்களில் தொழிற்சாலைத் தாள் இருக்கையின் ஸ்பிரிங்கில் செருகியபடியே பல பத்தாண்டு கழித்துக் கிடைப்பதுண்டு. அமெரிக்காவில் கட்டிய செவர்லேக்களுக்கு இப்படிப்பட்ட முழுமையான களஞ்சியம் இல்லை. அதனால் அங்கே போலிக்கும் வழக்குக்கும் இடம் அதிகம். காகிதத்துக்குப் பிறகு இரும்பு. நம் ஊரில் பழைய வண்டி வாங்குகிறவர் ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு எஞ்சின் நம்பரையும் சேஸி நம்பரையும் துடைத்துப் பார்ப்பதுபோல, அங்கேயும் எஞ்சின் கட்டை, கியர்பாக்ஸ், பின் அச்சு ஆகியவற்றின் குறிகள் உடலோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார்கள். காகிதமும் இரும்பும் ஒரே பேச்சைப் பேச வேண்டும். கிரேக்கன் ‘ஹோமோலோகெய்ன்’ என்றது இந்த வேலையைத்தான்.

எண்ணிக்கையும் தானாகப் பேசாது. 1964இன் 32,450இல் கன்வர்டிபிள் 6,644. மூன்று கார்புரேட்டர் கொண்ட ‘டிரை-பவர்’ 8,245. இப்படி வெட்டிக்கொண்டே போய், நிறம், இருக்கைத் துணி, கியர், ரேடியோ என்று ஒவ்வொன்றாகக் கழித்தால் எந்தக் காரையும் ‘ஒன்றில் ஒன்று’ ஆக்கிவிடலாம். விற்பனை விளம்பரங்களில் அந்தத் தொடர் சலித்துப்போகும் அளவுக்கு வருகிறது. ஆப்ஷன் பட்டியல் நீளமாக இருந்தால் இரட்டைக் கார் கிடைப்பதே அரிது. அது பட்டியலின் குணம், காரின் பெருமையல்ல.

காரணத்தோடு வரும் சிறிய எண்ணுக்கு மதிப்பு வேறு. 1971 ஜட்ஜில் கன்வர்டிபிள் 17தான். அந்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் ஈயமில்லாப் பெட்ரோலுக்காக எஞ்சின் அழுத்த விகிதத்தைக் குறைத்துவிட்டது. வேகக் கார்களுக்குக் காப்பீட்டுக் கட்டணமும் ஏறியிருந்தது. கூரை வகையும் சேர்த்து மொத்தமே 374 ஜட்ஜ்கள், வகையே நின்றுபோனது. 1969இன் இசட்.எல்.1 கமாரோ 69தான் கட்டினார்கள். அலுமினிய 427 எஞ்சினால் விலை 7,200 டாலரைத் தாண்டியது, டீலர்களே பலவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். ஃபெராரி 36இல் நின்றது பந்தயத்துக்கு அதற்கு மேல் தேவைப்படாததால். அமெரிக்கச் சிறு எண்களில் பெரும்பாலானவை விற்காமல் போனதால் வந்தவை. அன்றைய தோல்வி இன்றைய அருமை.

பெயர் அதற்குப் பிறகும் ஊர் சுற்றியது. ஜப்பானில் மிட்சுபிஷி 1970இல் கலாண்ட் ஜி.டி.ஓ. என்றது. ஃபெராரி 1984இல் 288 ஜி.டி.ஓ.வைக் கொண்டுவந்தபோது குரூப் பி பந்தயம் 200 கார் கேட்டது; ஃபெராரி 272 கட்டியது. பெயரும் எண்ணும் முதன்முறையாகக் கைகோத்தன. பொன்டியாக் 2004இல் ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் மொனாரோவுக்கு அந்த மூன்றெழுத்தை ஒட்டி மூன்று ஆண்டு விற்றது. 2010இல் பொன்டியாக்கே மூடப்பட்டது. தாயகமான இத்தாலியில் சொல் வேறு வழி போயிருந்தது. 1970களில் எழுத்தாளரும் திரைப்பட இயக்குநருமான பசோலினி, நுகர்வுப் பண்பாடு இத்தாலியரை எல்லாம் ஒரே அச்சில் வார்ப்பதைக் கண்டிக்க ‘ஓமொலோகாட்சியோனே’ என்ற சொல்லைக் கையிலெடுத்தார். எல்லோரையும் ஒன்றேபோலாக்குவது என்ற அந்தப் பொருள், 36 கார்களின் பெயரை விட ஐந்து லட்சத்தின் பெயருக்கே நன்றாகப் பொருந்துகிறது.

இத்தாலியப் பொருளில் பார்த்தால் பொன்டியாக்கின் ‘ஓ’ பொய். ஸ்காட்லாந்துப் பொருளில் வழக்கு திரும்புகிறது. 1963இல் டிலோரியன் எழுதியது குறையுள்ள பத்திரம். மக்கள் காரை வாங்கினார்கள், பாட்டுக் கட்டினார்கள், ஆடு என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள், அறுபது ஆண்டு கழித்தும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று விலைச்சீட்டைத் தேடுகிறார்கள். இந்த நடத்தை குறையை ஆற்றிவிட்டது. வாங்க நினைப்பவர் இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். ஜி.டி.ஓ. அரிதா என்றால் இல்லை, ஐந்து லட்சம் கட்டினார்கள். இந்த ஜி.டி.ஓ. அரிதா என்றால் சீட்டைக் கொண்டுவா, எஞ்சின் கட்டையைத் துடை என்பதுதான் பதில். பெயர் ஒப்புதல் வாங்கிவிட்டது. காரை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.